ஒன்பதும் மூன்றும்

அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஆய்வுப் பிரிவு என்று பலகை மாட்டிய இரண்டு அறைகளில், அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புள்ளி என்பார்கள். புள்ளியியல் படித்தவள் என்பது ஒரு காரணம். எதைக் கேட்டாலும் "பூஜ்யம் புள்ளி இரண்டு", "பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு" என்று பதில் சொல்வாள் என்பது இன்னொரு காரணம். ஊருக்கு ஊர் பெரும்புள்ளி இருப்பதுபோல் நம் ஆபீசுக்கு ஒரு சிறுபுள்ளி என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டு, அவர் போனபிறகு வேலை தேடி அலைந்தபோது, இந்த ஆறு வருட இடைவெளி எதற்கு என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். கேட்காதவர் ஆய்வுப் பிரிவின் தலைவர் ஒருவர்தான். பெரிய டாக்டர் என்பார்கள். கொஞ்சம் முன்கோபி, ஆனால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மனிதர். அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

அந்த வருடம் அவர்கள் செய்த ஆய்வு ஒரு தூக்க மாத்திரையைப் பற்றியது. ஐம்பது வயதைத் தாண்டி, தூக்கமில்லாமல் தவிக்கும் நூற்றெண்பது பேரைச் சேர்த்தார்கள். தொண்ணூறு பேருக்கு மாத்திரை. மீதித் தொண்ணூறு பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. எட்டு வாரம். ஒவ்வொரு வாரமும் அத்தனை பேருக்கும் போன் போட்டு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், தலை சுற்றியதா, எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டு எழுதியது ஒரு நர்ஸ். ஐம்பத்தாறு வயது; ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. போன் நர்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். நூற்றெண்பது பேரின் குரலும் அவருக்கு மனப்பாடம்.

எட்டு வாரம் முடிந்ததும், யாருக்கு எது என்ற பட்டியலைப் பிரிவில் எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள்; புள்ளி கணக்குப் போட்டாள். மாத்திரை போட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினோரு நிமிடம் அதிகம் தூங்கியிருந்தார்கள். பி மதிப்பு என்று ஒன்று உண்டு. அது பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு என்று வந்தது. அதாவது, அந்த மாத்திரை ஒன்றுமே செய்யாவிட்டாலும், இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிதோ வெறும் தற்செயலாக வந்துவிட நூற்றுக்கு முப்பத்தெட்டு வாய்ப்பு இருந்தது. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆய்விதழ்கள் திரும்பிப் பார்க்கும். யாரோ எப்போதோ கிழித்த கோடு அது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவன் சாமர்த்தியசாலி, இந்தப் பக்கம் நின்றவன் ஏமாளி.

தாளை நீட்டியதும் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கு அந்த மாத்திரைமேல் உண்மையான நம்பிக்கை இருந்தது. தூங்கினேன் டாக்டர் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத நோயாளிகள் இருந்தார்கள். அதோடு, இந்த ஆய்வில் ஒன்றும் தேறவில்லை என்றால் அடுத்த வருடம் பிரிவையே மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஏழு பேர் வேலை.

"மொத்தமா போட்டுப் பாத்தா இப்படித்தான் இருக்கும்மா," என்றார். "கொஞ்சம் பிரிச்சுப் பிரிச்சுப் பாருங்க. எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்."

அவள் பிரித்துப் பார்த்தாள். ஆண்கள், பெண்கள். அறுபதுக்கு மேல், அறுபதுக்குக் கீழ். தூங்கப்போய் எத்தனை நிமிடத்தில் கண் அசந்தது, எத்தனை தடவை விழித்தார்கள், காலையில் உடம்பு தெம்பாக இருந்ததா. நான்காம் வாரம், ஆறாம் வாரம், எட்டாம் வாரம். டீ அதிகம் குடிப்பவர்களை ஒதுக்கிவிட்டு ஒரு தடவை, சேர்த்துக்கொண்டு ஒரு தடவை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான்காவது நாள் மதியம், இருபத்து மூன்றாவது கணக்கில் நகர்ந்தது. ஆறாம் வாரத்தில், பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மாத்திரை போட்டவர்கள் இடையில் விழித்த தடவை குறைவு. பி மதிப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.

இதன் மதிப்பு என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருபது தடவைக்கு ஒரு தடவை காக்கை உட்காரப் பனம்பழம் விழும் என்றால், இருபத்து மூன்று தடவை காக்கையைப் பறக்கவிட்டுக் காத்திருப்பவனுக்கு ஒரு பழமாவது கிடைக்காமலா போகும்? அப்படிக் கிடைத்தால், இதோ ஒரு பழம் என்று காட்டும்போது மீதி இருபத்திரண்டு தடவையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுரையின் முதல் வரைவில் அவள் அதை ஒரு பத்தியாக எழுதியும் வைத்தாள். படிப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று பெரிய டாக்டர் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார். முதலிலேயே பெண்களின் விழிப்பைப் பற்றித்தான் கேட்கப் புறப்பட்டோம் என்று தோன்றுகிற மாதிரி முன்னுரையும் மாறியது. அவள் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

போன் நர்ஸ் அவளைத் தேடி வந்தது அதற்கடுத்த வாரம். மதியச் சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாரும் இல்லை. வரைவின் பிரதி ஒன்று அவர் கையில் இருந்தது. ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"ஏம்மா புள்ளி, விழுந்தவங்க விஷயத்துல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லன்னு போட்டிருக்கே. மாத்திரை போட்டதுல ஒன்பது பேர் விழுந்தாங்க. போடாததுல மூணு பேர். ஒன்பதும் மூணும் ஒண்ணா?"

புள்ளி பொறுமையாக விளக்கினாள். எண்ணிக்கை சிறியது. அதற்குப் பி மதிப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. கோட்டைத் தாண்டவில்லை.

"நாலுன்னா இருக்கு. ஏழுன்னா இல்லியா?"

"இல்லன்னு அர்த்தம் இல்லக்கா. உறுதியா சொல்ல முடியலன்னு அர்த்தம்."

"அப்ப உறுதியா சொல்ல முடியலன்னு எழுதலாமே. இல்லன்னு ஏன் எழுதணும்?"

அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். மாத்திரை போட்டவர்களில் விழுந்தவர்கள் மூன்று மடங்கு. இந்த எண்ணிக்கையை வைத்து முடிவு சொல்ல இயலாது. கவனம் தேவை என்று. அந்த மூன்று வரியும் "வித்தியாசம் இல்லை" என்ற இரண்டு வார்த்தையாகச் சுருங்கி வந்தது பெரிய டாக்டரின் கையால். திரும்பி வந்ததைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். இதையெல்லாம் அவள் நர்ஸிடம் சொல்லவில்லை. எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் அக்கா என்று மட்டும் சொன்னாள். நர்ஸ் பிரதியை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டுரை வெளிவந்தது. பிரிவு பிழைத்தது. பெரிய டாக்டர் நான்கு ஊர்களுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த மாத்திரையை மற்ற டாக்டர்களும் எழுத ஆரம்பித்தார்கள். வயதான பெண்களுக்கு உகந்தது, பாதுகாப்பானது என்று.

புள்ளியோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்காவுக்கு அவளைவிடப் பதிமூன்று வயது அதிகம். பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் மெஷின் ஓட்டுபவள். புருஷன் போனதிலிருந்து ஒன்றரை வருடமாகத் தூக்கம் இல்லை. கூடத்தில் கண் அசந்து, விரலில் ஊசி ஏறி, நகம் கறுத்துக் கிடந்தது. தங்கையின் ஆய்வில் சேர்கிறேன் என்று அப்போதே கேட்டாள். குடும்பத்தாரைச் சேர்க்கக்கூடாது என்று விதி. கட்டுரை வந்த ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்த அக்கா அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அதே மாத்திரை. மூன்று வாரமாகப் போடுகிறாளாம். தெருமுனை கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்களாம்.

"அந்த டாக்டரம்மாகிட்ட, இந்தக் கட்டுரை எழுதினது என் தங்கச்சிதான்னு சொன்னேன்," என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "உடனே உன் பேரைப் போன்ல தேடிக் காட்டினாங்க. மூணாவது பேரு உன்னுது."

அக்கா நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள். கூடத்தில் மேற்பார்வையாளர் கூட, என்னம்மா முகம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டாராம். புள்ளி பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு படி இருப்பதை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

உடனே சொல்லிவிட அவளுக்குத் துணிவு வரவில்லை. பத்து நாள் கழுத்தளவு தண்ணீரில் நிற்பவள்போல் நடமாடினாள். காலையில் அக்கா படுக்கையிலிருந்து எழும் சத்தம் கேட்டால் இவள் ஓடிப்போய்க் கதவருகில் நிற்பாள். கால்மிதியைச் சுருட்டி எடுத்தாள். படியோரம் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாள். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, சும்மா என்றாள்.

பதினோராவது நாள் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். ஆய்விதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பலாம் என்றாள். இருபத்து மூன்று கணக்கையும் சொல்லிவிடலாம். ஒன்பதையும் மூன்றையும் அப்படியே போட்டுவிடலாம். இரண்டு பேருமே கையெழுத்துப் போடலாம்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் களைத்துப்போனவர்போல் பேசினார்.

"நான் பொய் எழுதினேனா? எந்த நம்பர் பொய்னு காட்டுங்க."

"நம்பர் எதுவும் பொய் இல்ல சார். தேடின கதையை மறைச்சுட்டோம். அதான் பொய்."

"எல்லாரும் செய்யறதுதானே?"

"நல்லதுக்கு நாலு வந்தா நிரூபணம்னு எழுதினோம். கெட்டதுக்கு ஏழு வந்தா இல்லவே இல்லன்னு எழுதினோம். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு சார். இது தெரிஞ்சே செஞ்சது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் நோயாளிகள் தூங்குகிறார்கள் என்றார். ஏழு பேர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றார். வேலை கேட்டு வந்த நாளை அவள் மறந்துவிட்டாளா என்று கேட்கவில்லை. ஆனால் அவள் கதவைத் திறக்கும்போது, உங்களைப் பத்தி வேற மாதிரி நெனச்சிருந்தேன் என்றார். அது போதுமாக இருந்தது. மாடிப்படியில் நின்று அழுதாள். அழுதுவிட்டு, தனியாகவே அனுப்புவது என்று முடிவு செய்தாள்.

அதற்கு முன் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் எதிரில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப நான் தூங்கறது பொய்யா?"

"பொய் இல்லக்கா. மாத்திரையால தூங்கறியா, ஒன்றரை வருஷத்துல மனசு ஆறி அதுவா வருதா, எனக்குத் தெரியாது. தெரியும்னு எழுதிக் கொடுத்துட்டேன். அதான் தப்பு."

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனேடி."

அதன்பின் அக்கா பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மாத்திரையை நிறுத்தவும் இல்லை. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேள் என்று புள்ளி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தாள். அந்தக் காகிதம் பல நாள் அதே இடத்தில் கிடந்தது.

திருத்தக் கடிதம் போனது. அடுத்து நடந்ததெல்லாம் ஆமை வேகம். இந்தப் பெண்மணி சொல்வது மிகை என்று பெரிய டாக்டர் ஆய்விதழுக்குப் பதில் எழுதினார். மருத்துவமனை மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை வைத்தது. மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டே அவளைக் கேள்வி கேட்டார்கள். கையெழுத்துப் போடும்போது தெரியாதா என்று ஒருவர் கேட்டார், தெரியும் என்றாள். அப்புறம் ஏன் போட்டீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். நர்ஸையும் கூப்பிட்டார்கள். அவர் போன் செய்து எழுதிய நோட்டை எடுத்துவந்து, விழுந்த பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக வாசித்தார். படியில், குளியலறையில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. வாசித்து முடித்ததும் குழு அந்த நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டது. ஆனாலும், வெளியிட்ட விதத்தில் குறை, வேண்டுமென்று செய்த பிழை இல்லை என்றுதான் அறிக்கை வந்தது. புள்ளியின் மேஜை, கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் போனது. முன்பு கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கேன்டீனில் வேறு மேஜை பார்த்துக்கொண்டார்கள். ஏழு பேர் வேலை என்பது அவர்கள் வேலையும்தானே; அவளால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து ஆய்விதழின் கடைசிப் பக்கங்களில் திருத்தம் வெளியானது. பதினோரு வரி. யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

ஒருவர் படித்திருந்தார். வேறொரு நாட்டிலிருந்து, முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் கடிதம் எழுதினார். இதே மாத்திரையைப் பற்றி இன்னும் நான்கு சின்ன ஆய்வுகள் இருக்கின்றன. நான்கிலும் விழுந்தவர்கள் விஷயத்தில் வித்தியாசம் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். யாரும் எண்ணிக்கையைக் கொடுக்கவில்லை. உங்கள் பதினோரு வரியைக் காட்டிக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்று. புள்ளி அவற்றைக் கூட்டிப் பார்த்தாள். எட்டுக்கு நான்கு. பத்துக்கு ஐந்து. ஏழுக்கு மூன்று. ஏழுக்கு நான்கு. தனித்தனியாக ஒன்றுமே கோட்டைத் தொடவில்லை. அவளுடைய ஒன்பதையும் மூன்றையும் சேர்த்தால், மாத்திரை போட்டவர்களில் நாற்பத்தொரு பேர். போடாதவர்களில் பத்தொன்பது பேர். ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டுப் பார்த்தபோது, மாத்திரை ஒன்றும் செய்யாவிட்டால் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர ஆயிரத்துக்கு ஐந்து வாய்ப்புக்கூட இல்லை. ஐந்து இடத்தில் ஐந்து பேர், தங்கள் தங்கள் இருட்டில் நின்றுகொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மேலும் ஏழு மாதத்தில் மாத்திரை அட்டைப்பெட்டியில் எச்சரிக்கை அச்சாகி வந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் சொன்னபடி பாதிப் பாதியாகக் குறைத்து நிறுத்தினாள். அதன்பின் சில நாள் தூங்கினாள், சில நாள் தூங்கவில்லை. பேச்சு திரும்ப வந்தது. ஆனால் தங்கையின் வேலையைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசுவதை விட்டுவிட்டாள்.

பெரிய டாக்டர் ஒரு நாள் கீழ்த்தளத்துக்கு வந்தார். ஏதோ பழைய கோப்பு தேடுவதுபோல் நின்றார். பிறகு, விழுந்தவங்களுக்கு நாமதான் சொல்லணும் இல்லியா என்றார். ஆமாம் சார் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டார். ஆனால் விழுந்தவர்களைப் பார்க்க அவர் போகவில்லை. போனது புள்ளியும், அப்போது ஓய்வு பெற்றிருந்த போன் நர்ஸும்தான்.

ஒன்பது பேரில் இருவர் முகவரி மாறிப் போயிருந்தார்கள். ஒருவர் உயிரோடு இல்லை. மற்றவர்களில் முதலில் பார்த்தது, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். இடுப்பெலும்பு முறிந்து, இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். குரலைக் கேட்டதுமே போன் நர்ஸைக் கண்டுகொண்டார். வீட்டில் அவர் தனியாக இருந்தார். சமையலறைத் தரையை மருமகள் ஈரமாக விட்டுவிட்டதால்தான் வழுக்கி விழுந்தேன் என்று அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தையில் சண்டை மூண்டு, மகனும் மருமகளும் வேறு வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறதாம்.

அவருக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை இல்லை என்று புள்ளி சொன்னாள். அந்த அம்மாள் சட்டத்தைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப நான் விழுந்தது மாத்திரையாலதானா?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று புள்ளிக்கு அந்த நிமிடம் தெரிந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் அந்தக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தாலும் வைக்கும்.

"ஒன்பது பேர்ல ஒரு மூணு பேர் மாத்திரை இல்லாட்டியும் விழுந்திருப்பாங்கம்மா. மீதி ஆறு பேர் மாத்திரையால விழுந்திருக்கலாம். நீங்க அந்த ஆறுல ஒருத்தரா மூணுல ஒருத்தரான்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க விழறதுக்கு முன்னாடி எங்களுக்கும் தெரியாது. ஆனா விழுந்தப்புறம் தெரிஞ்சதைக்கூட நாங்க மறைச்சோம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மாள் உட்கார்ந்தார். தரை ஈரமாக இருந்ததா என்பதே இப்போது தனக்கு நிச்சயமில்லை என்று, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். அழைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் கிளம்புகிறோம் என்று நர்ஸ் எழுந்தபோதும் அது மடியிலேயே இருந்தது. அவர் அழைத்தாரா என்று அவர்களுக்குப் பிறகும் தெரியவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். கை மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள், இதைச் சொல்ல இத்தனை நாளா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வெயில் ஏறியிருந்தது. நர்ஸ் நோட்டைப் பிரித்து அடுத்த முகவரியைப் பார்த்தார். இரண்டு பஸ் மாற வேண்டும் என்றார். இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.